பத்து வருஷ உப்புக்காற்று வண்டியை ரேஸ் ட்ராக்கில் இறக்கலாமா?

மண்டபம்_ஐஸ் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். இதுவரை ஓரமாக நின்று படித்துவிட்டுப் போகிறவனாகவே இருந்தேன். இப்போது கேட்காமல் இருக்க முடியவில்லை.

மண்டபத்தில் எங்களுக்கு ஐஸ் கம்பெனி. படகுகளுக்கு ஐஸ் அடித்துக் கொடுப்பதுதான் பிழைப்பு. வண்டி 2014 போலோ ஜிடி டி.எஸ்.ஐ. 1.2 லிட்டர் பெட்ரோல், 105 குதிரைத்திறன், ஏழு கியர் டி.எஸ்.ஜி. ஆட்டோமேட்டிக். இதுவரை 92,000 கி.மீ. ஓடியிருக்கிறது. நின்றதெல்லாம் கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில், தகரக் கொட்டகைக்குக் கீழே. கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் காலையில் கண்ணாடியை விரலால் தொட்டு நாக்கில் வைத்தால் கரிக்கும். அப்படிப்பட்ட இடம்.

என்னோடு படித்தவர்கள் மூன்று பேர் சென்னையில் இருக்கிறார்கள். 2024 ஆகஸ்ட் கடைசியில் தீவுத்திடலைச் சுற்றி இரவில் கார் பந்தயம் நடந்ததே, அதற்குக் கூட்டிப் போனவர்கள் அவர்கள்தான். அந்தச் சத்தம் காதைவிட்டு இறங்க ஒரு வாரம் ஆனது. இப்போது இருங்காட்டுக்கோட்டை ட்ராக்கில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நாள் முழுக்க ஓட்ட ஏற்பாடு செய்திருக்கிறார்களாம். பந்தயம் இல்லை, பரிசு இல்லை, அவரவர் வண்டியை அவரவர் ஓட்டிப் பார்ப்பது. ஒருவனிடம் மஸ்டாங், ஒருவனிடம் போர்ஷே கேமன், மூன்றாமவனிடம் பி.எம்.டபிள்யூ எம்2. "நீயும் உன் போலோவை எடுத்துக்கிட்டு வாடா" என்கிறார்கள். பாசத்தில் சொல்கிறார்களா, பொழுதுபோக்குக்கு ஆள் தேடுகிறார்களா என்று பிடிபடவில்லை.

மீன்பிடித் தடைக்காலம் என்பதால் ஜூன் 14 வரை கம்பெனியில் எனக்கு வேலை குறைவு. போக நேரம் இருக்கிறது. பயம்தான் மூன்று வகையில் இருக்கிறது. அந்த வண்டிகளுக்கு நடுவில் போலோவோடு போய் நின்றால் மானம் போகுமா? பத்து வருஷம் உப்பில் ஊறிய வண்டி அந்த ஓட்டத்தைத் தாங்குமா? அப்புறம், நான் இதுவரை ட்ராக்கில் சக்கரத்தை வைத்ததே இல்லை. போவதற்கு முன் எங்காவது பழகிக்கொள்ள வழி உண்டா?

வீட்டில் சொல்லியாயிற்று. "ரோட்டில் போகிற மாதிரியே போய்ட்டு வாங்க" என்று அனுமதி கிடைத்திருக்கிறது.

தங்கச்சிமடம்_அஞ்சாம்கியர் எழுதியது:

பழக இடம் தேடிச் சென்னை வரை போவானேன் சகோ? முகுந்தராயர் சத்திரத்திலிருந்து அரிச்சல்முனை வரை கோடு போட்ட மாதிரி ரோடு கிடக்கிறது. விடிகாலையில் ஈ காக்கா இருக்காது. நான் அங்கே 150 தொட்டிருக்கிறேன். அதுவும் இல்லையென்றால் உச்சிப்புளியில் விமான ஓடுதளம் இருக்கிறது, கேட்டுப் பாருங்கள்!

பாம்பன்_டீசல் எழுதியது:

முதலில் அஞ்சாம்கியர் தம்பிக்கு. உச்சிப்புளி ஓடுதளம் கடற்படையுடையது. பருந்து என்று பெயர் வைத்துக் காவல் காக்கிறார்கள். வாசலில் போய்க் கேட்டுவிட்டு என்ன சொன்னார்கள் என்று இங்கே எழுதவும், எல்லோரும் சிரிக்கலாம். ஆனால் பேச்சில் ஒரு நியாயம் இருக்கிறது. சென்னைக்காரர்கள் பந்தயம் பழகியதே ஓடுதளத்தில்தான். சோழவரத்தில் இரண்டாம் உலகப்போர்க் காலத்து ஓடுதளம் ஒன்று இருந்தது. 1990இல் இருங்காட்டுக்கோட்டை ட்ராக் வரும்வரை அதுதான் ஊருக்கே பந்தயத் திடல்.

அரிச்சல்முனை ரோடு வேறு கதை. 2017இல் திறந்த நாளிலிருந்து அந்த ரோட்டில் போய் வருகிறேன். ஒரு பக்கம் பெண் கடல் என்கிற வங்கக் கடல், ஒரு பக்கம் ஆண் கடல் என்கிற மன்னார் வளைகுடா, நடுவில் ஒரு தார் ரிப்பன். வண்டி விலகினால் போய் நிற்க இடம் கிடையாது, கல் இருக்கிறது, கல்லுக்கு அப்பால் தண்ணீர். கச்சான் நாளில் மணல் பாம்பு மாதிரி ரோட்டுக்குக் குறுக்கே ஊர்ந்து போகும். 150இல் போகும்போது அது கண்ணுக்குத் தெரியாது, டயருக்குத் தெரியும். விடிகாலையில் ஈ காக்கா இருக்காது என்பதும் பொய். வலை இழுக்கிறவர்கள் அந்த நேரத்தில்தான் ரோட்டைத் தாண்டுவார்கள். பொது ரோட்டில் வேகப் பந்தயம், வேகச் சோதனை என்று ஓட்டினால் மோட்டார் வாகனச் சட்டம் 189ஆம் பிரிவில் மூன்று மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், இரண்டுமேகூட வரலாம். அதைவிட முக்கியம், நேராக 150இல் போவதால் ட்ராக்குக்கு எந்தப் பயிற்சியும் கிடைக்காது. நேராகப் போவதற்கு ஓட்டுநர் எதற்கு?

இனி ஐஸ் தம்பிக்கு. நான் படகு இன்ஜின் மெக்கானிக். விசைப்படகு இன்ஜினைக் கழற்றி மாட்டுவதில் இருபது வருஷம் போயிருக்கிறது. வண்டி, பழைய ஃபோர்டு ஃபிகோ 1.5 டீசல். ட்ராக்குக்கு இதுவரை நான்கு முறை போயிருக்கிறேன், மூன்று இருங்காட்டுக்கோட்டை, ஒன்று கோவை செட்டிப்பாளையம். முதல் முறை நடந்ததைச் சொன்னாலே உன் கேள்வியில் பாதிக்குப் பதில் வந்துவிடும்.

ஊரார் இன்ஜினுக்கெல்லாம் ஆயில் பார்க்கிறவன் நான். அதனால் என் வண்டியை நான் பார்க்கவில்லை. இன்ஜின் ஆயில் மாற்றினேன், ஏர் ஃபில்டர் மாற்றினேன், கூலன்ட் நிரப்பினேன். டீசல்காரன் புத்தி, இன்ஜினோடு நின்றுவிட்டது. பிரேக் ஆயில் நான்கு வருஷம் பழையது. டப்பாவில் அளவு சரியாக இருந்தது, மூடியை மூடிவிட்டேன்.

முதல் செஷன் பிரமாதம். இரண்டாவது அதைவிடப் பிரமாதம். மூன்றாவது செஷனில் ஐந்தாவது சுற்று, நீண்ட நேர்ப்பாதை முடிகிற இடம், 140க்குக் கொஞ்சம் மேலே இருக்கும். பிரேக்கை மிதித்தேன். பெடல் இறங்கியது, இறங்கியது, தரையைத் தொட்டது. சேற்றில் கால் வைத்த மாதிரி. இரண்டு முறை பம்ப் அடித்ததில் கொஞ்சம் பிடித்தது, கியரைக் குறைத்தேன், ஆனாலும் வளைவு வேண்டாம் என்று முடிவு செய்து நேராக மண்ணில் விட்டேன். சரளையும் புழுதியுமாகப் போய் நின்றது. கொடிக்காரப் பையன் மஞ்சள் கொடி ஆட்டிக்கொண்டே ஓடி வந்து "அண்ணே, ஒண்ணும் இல்லையே?" என்றான். வெட்கத்தைத் தவிர ஒன்றும் இல்லை.

காரணம் சின்னது. பிரேக் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தைக் குடிக்கிற சரக்கு. புது டாட் 4 ஆயில் கொதிக்கக் குறைந்தது 230 டிகிரி வேண்டும். ஈரம் ஏறிய பிறகு 155க்கே கொதிக்கலாம். கொதித்தால் குழாய்க்குள் ஆவிக் குமிழி. திரவத்தை அழுத்த முடியாது, குமிழியை அழுத்தலாம். நீ மிதிக்கிற மிதியெல்லாம் குமிழியை நசுக்குவதிலேயே தீர்ந்துவிடும், சக்கரத்துக்குப் போய்ச் சேராது. நம் ஊர்க் காற்றில் எவ்வளவு ஈரம் என்பதை ஐஸ் கம்பெனி வைத்திருக்கும் உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

அவ்வளவு சூடு எங்கிருந்து வருகிறது என்று ராத்திரி லாட்ஜில் உட்கார்ந்து பேப்பரில் கணக்குப் போட்டேன். ஆளோடு சேர்த்து 1,130 கிலோ வண்டி. 140இலிருந்து 60க்கு ஒரு முறை பிரேக் பிடித்தால் வருகிற சூட்டில் இரண்டு லிட்டர் பச்சைத் தண்ணீர் கொதித்துவிடும். ஒரு சுற்றில் அப்படி ஏழெட்டு மிதி, சிலது பெரிது, சிலது சின்னது. இருபது நிமிட செஷனில் எட்டுச் சுற்று. கல்யாண வீட்டு அண்டாவில் பாதியாவது வென்னீர் போட்டிருப்பேன். அதில் பெரும்பகுதி முன்சக்கரத்தில் இருக்கிற இரண்டு இரும்புத் தட்டில். தார் ரோட்டில் ஒரு வருஷத்தில் நீ அப்படி எத்தனை முறை பிடிப்பாய்?

ஆகவே உப்புக்காற்று வண்டி தாங்குமா என்றால், இன்ஜின் தாங்கும், மற்றதைப் பார்க்க வேண்டும். பிரேக் ஆயில் புதுசு, முழுதாக ப்ளீட் செய்து, பழைய கறுப்புத் தண்ணீர் நின்று சுத்தமாக வரும்வரை. சீல் உடைக்காத டப்பாவாக வாங்கு. வண்டியைத் தூக்கி அடியில் ஓடும் பிரேக் குழாயை விரலால் தடவிப் பார். நடுவில் நன்றாக இருக்கும். கிளிப் பிடித்திருக்கும் இடத்தில்தான் உப்பும் மண்ணும் தங்கி உள்ளே அரிக்கும். கிளிப்பைக் கழற்றிப் பார்க்காமல் "நல்லா இருக்கு சார்" என்று சொல்கிற ஆளிடம் வேலை கொடுக்காதே. உன் போலோவுக்குப் பின்னால் டிரம். கடற்கரை வண்டியில் ஹேண்ட்பிரேக் போட்டு நாலு நாள் நிறுத்தினால் ஷூ ஒட்டிக்கொள்ளும் என்பது உனக்கே தெரியும், அதைத் திறந்து சுத்தம் செய். பேட்டரி முனையிலும் எர்த் வயரிலும் பச்சைக் களிம்பு இருந்தால் தேய்த்து எடு. ரேடியேட்டரின் முன்பக்கத்தை டார்ச் அடித்துப் பார். துடுப்பெல்லாம் தொட்டால் உதிர்கிற நிலையில் இருந்தால் ட்ராக் வேண்டாம், முதலில் ரேடியேட்டர்.

டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும். 3117 என்றால் 2017ஆம் வருஷம் 31ஆம் வாரம் செய்தது. பட்டன் தேயாமல் இருந்தாலும் வயசான ரப்பர் கல். ஐந்தாறு வருஷம் தாண்டியிருந்தால் மாற்றிவிட்டுப் போ. காற்றைக் காலையில் கொஞ்சம் குறைத்து வை. டயர் சூடாக ஆக அழுத்தம் ஏறும், பத்து டிகிரிக்குச் சுமார் ஒன்றரை பி.எஸ்.ஐ. என்று வைத்துக்கொள். 35 வைத்துவிட்டுப் போனால் இரண்டு சுற்றில் 40ஐத் தாண்டி, வண்டி பலூன் மேல் நிற்கும். ஒவ்வொரு செஷன் முடிந்ததும் பிட்டில், அதாவது வண்டிகள் வந்து நிற்கிற இடத்தில், சூட்டோடு அளந்து இறக்கு. வீடு திரும்பும்போது மறக்காமல் ஏற்று.

மானம் போகுமா என்ற கேள்விக்குப் பதிலை அங்கேயே பார்த்துக்கொள். ஒன்று மட்டும் சொல்கிறேன். ட்ராக் நீளம் 3.717 கி.மீ., பன்னிரண்டு வளைவு. என் ஃபிகோவின் நல்ல சுற்று 2 நிமிடம் 20 விநாடி. வகுத்துப் பார், சராசரி 95 கி.மீ. வருகிறது. நம் கிழக்குக் கடற்கரைச் சாலையில் சில ஆம்னி பஸ்கள் இதைவிட வேகமாகப் போகின்றன. நேர்ப்பாதையில் மஸ்டாங் உன்னைத் துடைத்துப் போட்டுவிட்டுப் போகும். ஆனால் பன்னிரண்டு வளைவிலும் ஓட்டுகிறவன்தான் ஓட்ட வேண்டும், குதிரைத்திறன் வந்து ஸ்டியரிங் பிடிக்காது.

கீழக்கரை_வெயில் எழுதியது:

டீசல் அண்ணன் வண்டியைப் பற்றி எல்லாம் சொல்லிவிட்டார். நான் ஓட்டுகிற ஆளைப் பற்றிச் சொல்கிறேன்.

சொந்த ஊர் கீழக்கரை, இருப்பது துபாய். இங்கே ஆட்டோட்ரோம் ரேஸ் ட்ராக்கில் ஒரு நாள் ஓட்டினேன். 5.39 கி.மீ. சுற்று. என் வீட்டுக்காரர் பிறந்தநாளுக்கு அவருக்கென்று வாங்கிய டிக்கெட். அவருக்கு முதுகு பிடித்துக்கொண்டது, பணம் வீணாகக் கூடாதே என்று நான் போனேன். போகிற வழியெல்லாம் "நீ ஓட்டினால் டாக்ஸிதான் ஜெயிக்கும்" என்று கேலி.

பயிற்றுநர் என்னை ஓட்டவே விடவில்லை, முதல் இரண்டு சுற்று பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார். கையைப் பார்க்காதே, நான் எங்கே பார்க்கிறேன் என்று பார் என்றார். அவர் பார்வை பானெட்டின் மேல் ஒரு தடவைகூட விழவில்லை. இந்த வளைவில் வண்டி இருக்கும்போது கண் அடுத்த வளைவில் இருந்தது. என் முறை வந்தபோது நான் சுவரைப் பார்த்தேன், வண்டி சுவரை நோக்கியே போனது. "எதைப் பார்க்கிறாயோ அங்கேதான் போவாய்" என்று அவர் கத்திய கத்தல் ஹெல்மெட்டுக்குள்ளும் கேட்டது.

இரண்டாவது, பிரேக் வேலையெல்லாம் ஸ்டியரிங் திருப்புவதற்கு முன்பே பெரும்பாலும் முடிந்துவிட வேண்டும். ரோட்டில் நாம் பாதி வளைவில் பயந்து காலை எடுப்போமே, அதுதான் அங்கே ஆபத்து. ஆக்ஸிலரேட்டரைச் சடாரென்று விட்டால் பாரம் முன்னால் போய்ப் பின்சக்கரம் லேசாகிவிடும். பிறகு வண்டி நம்மைத் திரும்பிப் பார்க்கும்.

முதல் தடவை போகிறவர் பயிற்றுநர் கிடைத்தால் கண்டிப்பாகக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், வெட்கப்பட வேண்டாம். பருத்தியில் முழுக்கைச் சட்டை, மெல்லிய அடி உள்ள ஷூ. தண்ணீர் நிறையக் குடியுங்கள். ஹெல்மெட்டுக்குள் வியர்வை கண்ணில் இறங்குவது நம் ஊர் உப்பளத்தில் வேலை செய்கிற மாதிரி. அன்று வீட்டுக்கு வந்ததும் டாக்ஸி பேச்சை எடுக்கச் சொன்னேன், எடுக்கவில்லை.

மண்டபம்_ஐஸ் எழுதியது:

டீசல் அண்ணே, அக்கா, ரொம்ப நன்றி. வண்டியைத் தூக்கிப் பார்த்தோம். நீங்கள் சொன்னது அச்சு அசலாக இருந்தது. இடது முன்பக்கக் குழாயில் கிளிப்புக்குள் அரிசி அளவுக்குத் துரு பொருக்கு. மெக்கானிக் முகம் மாறிவிட்டது. மாற்றியாயிற்று. டயரில் 2216 இருந்தது, அதையும் மாற்றினேன். அப்பாவுக்குச் செலவைச் சொல்லவில்லை.

இன்னும் இரண்டு சந்தேகம். இன்ஷூரன்ஸ் இருக்கிறதே, ஏதாவது ஆனால் கிடைக்கும்தானே? டி.எஸ்.ஜி. கியர்பாக்ஸ் சூடாகும் என்கிறார்களே?

பாம்பன்_டீசல் எழுதியது:

கிடைக்காது. பாலிசிக் காகிதத்தை எடுத்து, வண்டியை எதற்குப் பயன்படுத்தலாம் என்ற பத்தியைப் படி. பந்தயம், வேகச் சோதனை எல்லாம் விலக்கு என்று அச்சடித்திருக்கும். அங்கே இடித்தால் உன் காசு. இதை மனசில் வைத்துக்கொண்டு ஓட்டினாலே பாதி விபத்து குறையும் என்பது என் கட்சி. மண்டபத்திலிருந்து ட்ராக் 550 கி.மீ. இருக்கும். போன வண்டியிலேயே திரும்பி வர வேண்டும். அதனால் பிரேக் பேட் ஒரு செட் டிக்கியில் இருக்கட்டும்.

டி.எஸ்.ஜி. பற்றி: உன்னுடையது உலர் கிளட்ச், ஆயிலில் மூழ்கியிருக்காத ரகம். அதற்கு வேகம் விரோதி இல்லை, ஊர்வதுதான் விரோதி. பிட் லேனில் வரிசையில் நிற்கும்போது அங்குலம் அங்குலமாக நகர்த்தாதே. நியூட்ரலில் நின்று, இடம் கிடைத்ததும் ஒரேயடியாக நகர். டர்போ வண்டி, ஓடி முடித்ததும் உடனே அணைக்காதே. கடைசிச் சுற்றைப் பிரேக் தொடாமல் மெதுவாக ஓட்டிச் சூட்டை இறக்கு. பிட்டுக்கு வந்து நிறுத்தும்போது ஹேண்ட்பிரேக் போடக் கூடாது. கொதிக்கிற டிரம்மில் ஷூ அழுந்திக் கிடக்க வேண்டாம். லீவரை 'பி'யில் விட்டு, சக்கரத்துக்கு ஒரு கட்டை வை.

கொடிகளைக் காலையில் சொல்லித் தருவார்கள், தூங்காதே. மஞ்சள் என்றால் முன்னால் ஆபத்து, முந்தாதே. சிவப்பு என்றால் ஆட்டம் நின்றது, மெதுவாகப் பிட்டுக்கு. நீலம் என்றால் பின்னால் பெரிய ஆள் வருகிறான். கறுப்பு உனக்கென்று காட்டினால் உள்ளே வந்து என்ன தப்புச் செய்தேன் என்று கேள். முந்துவது நேர்ப்பாதையில் மட்டும், அதுவும் முன்னால் போகிறவன் கை காட்டினால்.

இன்னொன்று. நம் படகோட்டிகளைக் கவனித்திருப்பாய். படகுக்குப் பிரேக் கிடையாது. ஜெட்டியில் அணைய வேண்டுமென்றால் எங்கோ தூரத்திலேயே த்ராட்டிலைக் குறைத்து, நீரோட்டம் பார்த்து, மூக்கைத் திருப்பி, கடைசியில் லேசாக ஒரு உதை கொடுத்து உரசாமல் கொண்டு வந்து சேர்ப்பார்கள். அவசரமே தெரியாது. வளைவை அப்படி எடு.

மண்டபம்_ஐஸ் எழுதியது:

போய்விட்டு வந்துவிட்டேன். கைகால் பத்திரம், வண்டி பத்திரம். கழுத்துதான் இரண்டு நாளாகத் திரும்பவில்லை.

சனி மத்தியானம் தொண்டி, அதிராம்பட்டினம் வழியாகக் கிழக்குக் கடற்கரைச் சாலையிலேயே போனேன். ராத்திரி தோழன் வீட்டில் தங்கல். காலை ஆறரைக்கு ட்ராக் வாசல். அப்போதே வெயில் தோளில் கை வைத்துவிட்டது. வண்டியிலிருந்து எல்லாவற்றையும் இறக்கச் சொன்னார்கள், கால்மிதி, தண்ணீர் பாட்டில், டேஷ்போர்டில் இருந்த சின்னப் பிள்ளையார்வரை. வண்டியை இழுக்கிற கொக்கியை மாட்டச் சொன்னார்கள். சோதித்த பெரியவர் பானெட்டைத் திறந்து பேட்டரியை ஆட்டிப் பார்த்தார், பிரேக் ஆயில் எப்போது மாற்றியது என்று கேட்டார். போன வாரம் என்றேன். அவர் முகத்தில் வந்த திருப்தியைப் பார்த்து எனக்கு டீசல் அண்ணன் ஞாபகம்.

முதல் செஷன், பக்கத்தில் பயிற்றுநர். மூன்று சுற்று வரை எனக்கு ஒன்றுமே புரியவில்லை. ஸ்டியரிங்கை லாரிக்காரன் மாதிரி இறுக்கிப் பிடித்திருந்தேன் போலிருக்கிறது, "தம்பி, அது ஓடிப் போகாது" என்றார். வெளியிலிருந்து உள்ளே, உள்ளிருந்து வெளியே என்று ட்ராக்கின் முழு அகலத்தையும் எடுக்கச் சொன்னார். ரோட்டில் பத்து வருஷமாக இடது ஓரம் போய்ப் பழகியவனுக்கு வலது விளிம்புவரை போகக் கை வரவில்லை. யாரோ எதிரே வருவான் என்றே மனசு சொல்கிறது. அங்கே யாரும் எதிரே வர மாட்டான் என்பதை உடம்பு நம்ப ஒரு மணி நேரம் பிடித்தது.

அது நம்பிய பிறகு ஒரு வளைவு. எந்த வளைவு என்று எண் சொல்லத் தெரியவில்லை, நேர்ப்பாதைக்கு முந்தையது. பிரேக்கை முன்னாலேயே முடித்துவிட்டு, கண்ணைத் தூக்கி வெளியேறும் இடத்தைப் பார்த்து, லேசாகத் திருப்பினேன். வண்டி தானாகவே போய் உள்விளிம்பைத் தொட்டு, தானாகவே வெளியே விரிந்தது. டயர் கத்தவில்லை, முனகியது. பயிற்றுநர் ஒன்றும் சொல்லவில்லை, கட்டைவிரலை மட்டும் காட்டினார். ஒரு செஷன் முழுக்க அந்த ஒரு வளைவுக்காகவே மற்ற பதினொன்றையும் ஓட்டினேன்.

இனி மானக் கதை. போர்ஷேக்காரன் நன்றாகவே ஓட்டுகிறான், அவன் வந்ததும் நீலக்கொடி, நான் கை காட்டினேன், போய்விட்டான். அந்த இன்ஜின் முதுகுக்குப் பின்னால் வருகிற சத்தம், பக்கத்தில் தாண்டும்போது என் நெஞ்சில் கேட்டது. எம்2வும் அப்படியே. மஸ்டாங்தான் வேடிக்கை. ஐந்து லிட்டர் வி8, நேர்ப்பாதையில் அது புறப்பட்டால் நான் நிற்கிற மாதிரி இருக்கும். ஆனால் வளைவு வந்தால் அவனுக்குப் பயம், முக்கால் கிலோமீட்டருக்கு முன்னாலேயே சிவப்பு விளக்கு எரியும். கனமான வண்டி வேறு. இரண்டாவது செஷன் பாதியில் அவன் பிரேக்கிலிருந்து புகை. கருவாட்டு வாடையில் வளர்ந்த நானே மூக்கைப் பொத்தினேன். அடுத்த நேர்ப்பாதையில் ஜன்னல் வழியாகக் கை வெளியே வந்து, "போ" என்றது. 105 குதிரை 400 குதிரையைத் தாண்டியது. அவன் காலைப் பாதி எடுத்ததால்தான் என்பது எனக்கும் தெரியும். இருந்தாலும் இங்கே எழுதாமல் இருக்க மனசு வரவில்லை.

என் நல்ல சுற்று 2 நிமிடம் 24. டீசல் அண்ணனுக்கு நாலு விநாடி பின்னால். மத்தியானத்துக்கு மேல் தார் கொதித்தது, டயர் வழுக்க ஆரம்பித்தது, எனக்கும் கவனம் போனது. கடைசி செஷனுக்கு இறங்கவில்லை. நான் சுற்றியது மொத்தம் 27 சுற்று. பெட்ரோல் லிட்டருக்கு ஐந்து கி.மீ. கூடக் கொடுக்கவில்லை.

திங்கள் ராத்திரி வீட்டுக்கு வந்ததும் அப்பா கேட்டார், "எவ்வளவு தூரம்டா ஓட்டினே?" அங்கே மட்டும் நூறு கி.மீ. என்றேன். "நூறு கி.மீ. ஓட்டி எங்கே போய்ச் சேர்ந்தே?" என்றார். கிளம்பின இடத்துக்கே என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, ஐஸ் பிளாக் கணக்கு நோட்டை எடுத்துக் கையில் கொடுத்தார்.

அண்ணே, ஒரு கேள்வி பாக்கி. முன் பேட் போகும்போது 8 மி.மீ. இருந்தது, இப்போது 4 இருக்கிறது. ஓரத்தில் லேசாக உதிர்ந்த மாதிரியும் தெரிகிறது. ஓடுமா?

பாம்பன்_டீசல் எழுதியது:

ஓரம் உதிர்ந்திருந்தால் சூட்டில் வெந்துவிட்டது என்று அர்த்தம். 4 இருந்தாலும் மாற்றிவிடு, டிக்கியில் ஒரு செட் வைத்திருக்கிறாயே. பிரேக் ஆயிலையும் ஒரு தடவை ப்ளீட் செய். பழைய பேடைத் தூக்கிப் போடாமல் வைத்திரு, வெள்ளிக்கிழமை ஐஸ் எடுக்க வரும்போது பார்க்கிறேன்.

நாலு விநாடியைப் பற்றி நேரில் பேசலாம்.